உயிரோடு இருப்பவருக்கு எடுத்த முடி

ஜூலை மாதத்து மழை ஒக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. உடுப்பு ஒன்றும் காயவில்லை. றோஸ்மேரியின் குசினியில் கதிரைகளின் முதுகிலெல்லாம் வேலைக்குப் போடும் வெள்ளை மேற்சட்டைகள் தொங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை அபெபா வருவதாகச் சொல்லியிருந்ததால் அவற்றை அள்ளிக் கட்டிலில் எறிந்துவிட்டு, அவள் கட்லட்டுக்கு மீன் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

அபெபா மாப்பிள்ளையின் தாய். எரித்திரியாக்காரி. மங்கரேயில் இருக்கிறாள். மகன் யோனாஸ் மின்சார வேலை செய்பவன். விமான நிலையத்துச் சரக்குக் கந்தோர் ஒன்றில் லைட் மாற்றப் போன இடத்தில்தான் அவன் ஜனுஷாவைக் கண்டான். ஜனுஷா றோஸ்மேரிக்கும் தோமஸுக்கும் ஒரே பிள்ளை. மன்னாரிலிருந்து மூன்று வயதில் வந்தவள்.

பெப்ரவரியில் அவர்களுடைய முறைப்படி மூன்று பெரியவர்கள் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் ஹோலின் நடுவில் நின்றார்கள். தோமஸ் எத்தனை தரம் இருங்கோ என்று சொல்லியும் இருக்கவில்லை. தேத்தண்ணியைத் தொடவில்லை. மூன்றாம் தரம் தட்டை நீட்டியபோது றோஸ்மேரியின் முகம் கறுத்துப்போயிற்று. பதில் கிடைக்கும் வரை அவர்கள் இருக்கவும் மாட்டார்கள், எதையும் வாயில் வைக்கவும் மாட்டார்கள் என்று ஜனுஷா வந்து காதுக்குள் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. உடனே தோமஸ் எங்களுக்குச் சம்மதம் என்றார். இப்போது திகைத்தது பெரியவர்கள். இரண்டு தரமாவது திருப்பி அனுப்புவார்கள் என்று எண்ணி வந்தவர்களாம் அவர்கள். வேறு வழியில்லாமல் இருந்து, பத்துப் பன்னிரண்டு கட்லட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு அபெபா வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது ஜனுஷாவின் முடியை. இடுப்புக்குக் கீழே விழும் முடி அது. பின்னலை அவிழ்த்து, கையில் ஏந்தி, கனம் பார்த்தாள். ஒக்லாந்தில் இருக்கிற எரித்திரியப் பெண்களும் எத்தியோப்பியப் பெண்களும் கல்யாணம், ஞானஸ்நானம் என்றால் தலைபின்ன அவளிடம்தான் போவார்கள். கல்யாணத்துக்கு அடுத்த நாள் அவர்களுக்கு மெல்சி என்று ஒரு கொண்டாட்டம். அன்றைக்குத்தான் பெண் அவர்களுடைய உடுப்பில், அவர்களுடைய பின்னலில், சபை முன்னால் வருவாள். நெற்றியில் தொடங்கி உச்சி வரை நூல்போலப் பின்னல்கள் தலையோடு ஒட்டி ஓட வேண்டும். அதற்குப் பின்னால் முடி விரிந்து தோளில் விழ வேண்டும். இந்த முடிக்கு இரண்டு நாள் எடுக்கும் என்று அபெபா சந்தோஷமாகச் சொன்னாள். நவம்பர் மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

றோஸ்மேரி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு முதல் வருஷம் தோமஸ் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்தார்கள். பதினொரு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி நடைபாதையில், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு றோஸ்மேரி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தாள். மனுசன் எழும்பினால் பிள்ளையின் தலைமுடியைக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றாள். தன் முடியை நேர்ந்திருக்கலாம். அது எலி வால் மாதிரி இருந்தது. மாதாவுக்குக் கொடுப்பதென்றால் வீட்டில் உள்ளதில் நல்லதையல்லவா கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

நேர்த்தியைத் தீர்க்காமல் பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப அவளால் முடியாது. கல்யாணத்துக்கு முன் தீர்த்துவிட வேண்டும். சொன்னபோது ஜனுஷா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அப்பாவுக்காகத்தானே, போவோம் என்றாள். ஜூலையில் தாயும் மகளும் லீவு போட்டு வேளாங்கண்ணிக்குப் போய் வந்தார்கள். யோனாஸுக்குத் தெரியும். தாயிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றவன் நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜனுஷா கதவைத் திறந்தாள். வாசலில் அபெபா, கையில் ஸூரியா தைப்பதற்கு அளவெடுக்கும் நாடாவுடன். ஸூரியா என்பது அவர்களுடைய நீண்ட வெள்ளை உடுப்பு. மழையில் நனைந்த போர்வையை உதறப் போனவள் கை அப்படியே நின்றது. பிறகு அந்தப் போர்வையின் முனையால் வாயை மூடிக்கொண்டாள்.

"யார் செத்தது?" என்று கேட்டாள்.

ஒருவரும் சாகவில்லை என்று ஜனுஷா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் கேட்கவில்லை. குசினியிலிருந்து தோமஸ் வெளியே வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தாள். றோஸ்மேரி மீன் கையோடு வந்து நின்றாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்ட பிறகு அபெபாவுக்கு இன்னும் பயம் கூடியது. ஒருவரும் சாகாமல் மொட்டை அடித்தால் அது இனி வரப்போகிற சாவுக்கு. அளவெடுக்கவில்லை. இருக்கவுமில்லை. நனைந்த சப்பாத்தோடு திரும்பிப் போனாள்.

அடுத்த நாள் யோனாஸ் வந்து சொன்னான். அவர்களுடைய ஊரில் பெண்கள் சாவுக்குத்தான் தலையை மழிப்பார்கள். அம்மா இரண்டு தரம் மழித்தவள், ஒரு தரம் தன் தம்பிக்கு, ஒரு தரம் என் அப்பாவுக்கு. இரண்டு பேரும் சண்டையில் போனவர்கள். மொட்டைத் தலையோடு ஒருத்தி தன் மகனுக்குப் பக்கத்தில் மணப்பெண்ணாக நிற்பதை அவள் பார்க்க மாட்டாளாம். முடி வளரட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறாள்.

ஜனுஷா அவனைப் பார்த்தாள். "நவம்பர் இல்லையெண்டால் இல்லை, யோனாஸ். நான் என்ர முடி வளருதா எண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு காத்திருக்க மாட்டன்." இதை அவள் தமிழிலேயே சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்கியது.

ஓகஸ்ட் முழுவதும் வீட்டில் சத்தமில்லை. தோமஸ்தான் மிகவும் ஒடுங்கிப்போனார். தன் உயிர் தப்பியதால் பிள்ளையின் வாழ்க்கை தடைப்பட்டுவிட்டது என்று அவருக்கு நினைப்பு. டொக்டர் நடக்கச் சொன்ன அரை மணித்தியாலத்தை ஒரு மணித்தியாலமாக நடந்தார், வீட்டில் இருக்க மனமில்லாமல்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் றோஸ்மேரியோடு வேலை செய்பவள் கல்யாணி. சிவகங்கைப் பக்கம். றோஸ்மேரி வீட்டுப் பின்னறையில் புருஷன் மாரிசாமியோடு வாடகைக்கு இருக்கிறாள். தட்டில் சோறும் சிறிய பட்டர் துண்டும் வைத்துக்கொண்டே கல்யாணி யோசனை சொல்வாள்.

"சவுரி வச்சுப் பின்னிறலாம்க்கா. எங்க ஊர்ல பாதிப் பேரு சவுரிதான்."

"மாதாவுக்குக் குடுத்திட்டுக் குடுக்காத மாதிரி நடிக்கச் சொல்லுறியோ?"

"மாதா நியூசிலாந்துக்கு வந்து பின்னல அவுத்தா பாக்கப் போறாங்க?"

பெல்ட்டின் அடுத்த பக்கத்தில் நின்ற சமோவாக்காரி ஒருத்தி இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தாள். றோஸ்மேரிக்கு வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆனால் சவுரி என்ற பேச்சை வீட்டில் எடுத்தபோது ஜனுஷா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். குடுத்தது குடுத்ததுதான், நான் ஒளிக்க மாட்டேன் என்றாள்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை தோமஸ் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வெளிக்கிடு. அந்த மனுசியைப் போய்ப் பாப்பம்."

"என்னெண்டு கதைக்கிறதப்பா? போய் என்ன சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லுவம். இதுவரைக்கும் ஒருதரும் அவவுக்கு ஒழுங்காச் சொல்லேல்லை."

அபெபாவின் வீடு விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே. ஒவ்வொரு தரமும் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர்கள் போனபோது ஹோலில் அபெபா ஒரு பெண்ணுக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள். அவள் உயரமான கதிரையில். அந்தப் பெண் கீழே மெத்தையில், அவளுடைய முழங்கால்களுக்கு நடுவில். எழும்ப முடியாது என்று கண்ணால் சொல்லி, இருக்கச் சொன்னாள். இருந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்கள்.

றோஸ்மேரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பின் வால் நுனியால் தோலில் ஒரு கோடு கிழிப்பாள். கோடு பிசகினால் கலைத்துவிட்டு மறுபடி கிழிப்பாள். பிறகு மூன்று விரல் மட்டும் ஓடும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழிருந்து இன்னும் நாலு மயிரை எடுத்துச் சேர்த்துக்கொள்வாள். அந்தப் பெண் வலியில் தோளைத் தூக்கினால் முழங்காலால் ஒரு இடி. ஒரு பின்னல் முடிந்ததும் பெருவிரலால் நீளத்துக்கும் அழுத்திப் பார்ப்பாள், கட்டின சாப்பாட்டுத் தட்டின் மூடி சரியாக ஒட்டியதா என்று றோஸ்மேரி அழுத்திப் பார்ப்பது போல. வேலை தெரிந்த கை. அதைக் கண்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அந்தப் பெண் போன பிறகு அபெபா கோப்பிக் கொட்டையை வறுத்தாள். புகையைக் கையால் விசிறி அவர்களுடைய முகத்துக்கு அனுப்பினாள். சோளப்பொரி வைத்தாள். சிறிய கோப்பையில் கோப்பி தந்தாள். யோனாஸ் வந்து ஒரு மூலையில் குந்தினான். கோப்பை முடிந்ததும் றோஸ்மேரி எழும்பிவிட்டாள். கதைக்க ஏலாது, போய்விடுவோம் என்று இருந்தது.

"மூன்று," என்றாள் அபெபா. "மூன்று குடிக்காமல் எழும்பினால் அது சண்டைக்காரி. நீ சண்டைக்கா வந்தாய்?"

றோஸ்மேரி மறுபடி இருந்தாள். இரண்டாவது கோப்பையில் சொன்னாள். தெரிந்த இங்கிலீஷில் தொடங்கி, பாதியில் அது போதாமல் தமிழில் சொன்னாள். நடைபாதை, கோப்பி மெஷின், குழாய்களுக்கு நடுவில் கிடந்த மனுசன், மாதாவுக்குச் சொன்ன வார்த்தை. இது சாவுக்கு இல்லை, சாவு வரக்கூடாது என்றுதான் கேட்டேன் என்றாள். யோனாஸ் ஜனுஷாவிடம் கேட்டிருந்ததை வைத்துக்கொண்டு தன் மொழியில் தாய்க்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

தோமஸுக்கு அது போதாது என்று பட்டது. சட்டையின் மேல் மூன்று பொத்தானைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே இருந்து வயிற்றுக்கு நேராக ஓடிய தழும்பைக் காட்டினார்.

"இதுக்குத்தான் அம்மா. இதுக்குத்தான் பிள்ளை முடி குடுத்தவள்."

"என்னப்பா இது, அடுத்தவேன்ர வீட்டில," என்று றோஸ்மேரி சட்டையை இழுத்தாள்.

அபெபா விடவில்லை. கிட்ட வந்து குனிந்து பார்த்தாள், துணியில் தையல் பார்ப்பது போல.

"மரியம்?" என்று கேட்டாள். "மரியமுக்கா கொடுத்தாய்?"

"ஓம். மாதாவுக்கு."

அபெபா தன் கதிரைக்குப் போய் இருந்தாள். ஒரு விமானம் போயிற்று. பிறகு சொன்னாள். யோனாஸுக்கு நாலு வயது, சூடான் எல்லையில் முகாமில் இருந்தார்கள். காய்ச்சல் வந்து வலிப்பும் வந்தது. மருந்து இல்லை. இவன் பிழைத்தால் என் ஊர் மரியம் கோவிலுக்குச் பவனியில் பிடிக்கிற, சரிகை வைத்த வெல்வெட் குடை கொண்டுவருகிறேன் என்று நேர்ந்தாள். பிழைத்தான். ஊருக்குப் போக முடியவில்லை. இருபத்தாறு வருஷம்.

"குடை தைத்துவிட்டேன். அலுமாரிக்குள் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. நீ கொடுத்துவிட்டாய்."

யோனாஸ் தாயைப் பார்த்தான். அந்தக் குடை யாருக்கு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மொழிபெயர்க்க மறந்துபோனான். தேவைப்படவும் இல்லை. றோஸ்மேரி எழும்பிப் போய் அபெபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் வேலை செய்த காய்ப்பு.

மூன்றாவது கோப்பை தண்ணீர் மாதிரி இருந்தது. அது ஆசீர்வாதக் கோப்பை என்று சொல்லி ஊற்றினாள். இதுக்குள்ள ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கு, கோப்பி இல்லை என்று தோமஸ் பிறகு காரில் சொன்னார்.

போகும்போது அபெபா கேட்டாள், இப்போது முடி எவ்வளவு. றோஸ்மேரி விரலின் ஒரு கணுவைக் காட்டினாள். நவம்பரில் இரண்டு கணு வரும் என்று அபெபா கணக்குப் பார்த்தாள். இரண்டு கணு இருந்தால் என் விரல் பிடிக்கும். பின்னால் விழுவதற்கு ஒன்றும் இருக்காது. இல்லாவிட்டால் போகட்டும். பொய்முடி வைக்க மாட்டேன். ஒரேயொரு கட்டளை, உங்கள் ஆட்களின் முடி வழுக்கும் முடி, பின்னுகிற வாரம் எண்ணெய் என்ற பெயரே கேட்கக் கூடாது.

நவம்பர் வந்தது. பின்னல் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை பின்னேரம் ஜனுஷா குளித்துவிட்டு வந்து தாயின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். றோஸ்மேரியின் கை தானாக அலுமாரிக்குப் போயிற்று. அதை நினைத்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கல்யாணப் பொம்பிளை மடியில் கிடக்கிறாள். பெற்றவளின் கை வேறென்ன செய்யும். இரண்டு உள்ளங்கை தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்து நன்றாகத் தேய்த்தாள். ஜனுஷாவுக்கும் நினைவு வரவில்லை. அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு அபெபா சீப்போடு வந்து, தலையில் கை வைத்தாள். கையை எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு றோஸ்மேரியைப் பார்த்தாள்.

றோஸ்மேரி சட்டென்று கல்யாணியைப் பார்த்தாள், அவள் வைத்ததுபோல.

"என்னய ஏன்க்கா பாக்கறீங்க? நான் ரூமுக்குள்ள தூங்கிட்டிருந்தேன்."

பாத்திரம் கழுவுகிற சோப்பால் மூன்று தரம் கழுவினார்கள். அபெபா தன் மொழியில் ஏசிக்கொண்டே கழுவினாள். யோனாஸ் அங்கே இல்லாததால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல் நல்லதாகப் போயிற்று. கல்யாணி ஹேர் டிரையரைப் பிடித்தாள். ஒன்பதரைக்குத் தொடங்கினார்கள். முதல் பின்னல் காது வரை வந்து அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. அபெபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். விரலைச் சோளமாவில் தொட்டுக்கொண்டு, வழக்கத்தில் எடுப்பதில் பாதி மயிரை மட்டும் எடுத்து, மறுபடி நெற்றியிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது நின்றது. கல்யாணி மெதுவாக டிரையரை நிறுத்தினாள்.

மத்தியானம் ஜனுஷாவுக்கு றோஸ்மேரி புட்டும் மீன் குழம்பும் குழைத்துத் தீத்தினாள், தலையை அசைக்கக் கூடாது என்பதால். அபெபாவுக்கும் தீத்தினாள், கையை எடுக்க முடியாது என்பதால். முதல் வாய் வாங்கும்போது அபெபா கொஞ்சம் வெட்கப்பட்டாள். அவர்களிடமும் பிரியமானவருக்கு வாயில் ஊட்டுகிற வழக்கம் உண்டாம். மூன்று வாய்க்குப் பிறகு நாலாவதை அவளே கேட்டாள். பின்னேரம் ஐந்தரைக்கு நாற்பத்தொரு பின்னல்கள் நெற்றியிலிருந்து பிடரி வரை வரிவரியாகப் படுத்திருந்தன. பிடரியில் ஒவ்வொன்றும் ஒரு சிறு முடிச்சாக முடிந்தது. அதற்குக் கீழே வெறும் கழுத்து.

ஜனுஷா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பிறகு மற்றப் பக்கம். அழவில்லை. நல்லாயிருக்கு என்று தமிழில் சொன்னாள். மற்றவர்கள்தான் அழுதார்கள்.

சனிக்கிழமை கோவிலில் கல்யாணம். ஜனுஷா வெள்ளைச் சேலையும் முக்காடும் அணிந்திருந்ததால் தலையை ஒருவரும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மங்கரேயில் ஒரு ஹோலில் மெல்சி. முந்நூறு பேர். வாசலிலேயே இறைச்சிக் குழம்பின் காரமும் சாம்பிராணிப் புகையும் கோப்பி வறுக்கிற மணமும். பெண்கள் எல்லாரும் கரையில் நூல்வேலை செய்த நீண்ட வெள்ளை உடுப்பில். இரண்டு பேர் கழுத்தில் மேளத்தைத் தொங்கவிட்டுச் சுற்றிவர, ஆட்கள் வட்டமாக, காலை இழுத்து இழுத்து வைத்துத் தோளைக் குலுக்கினார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கறுப்பு வெல்வெட்டில் பொன் நூல் வேலை செய்த பெரிய மேலங்கிகளோடு உள்ளே வந்தார்கள். ஜனுஷாவின் நெற்றியில் தங்கப் பதக்கம். தலையில் மெல்லிய போர்வை. முன் வரிசையில் இருந்த முதிய பெண்கள் அதற்குள்ளே எட்டிப் பார்த்தார்கள். தோளில் விழ வேண்டிய முடி எங்கே. ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னாள், அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். மேளம் தொடர்ந்தது. ஆனால் முன் வரிசை கை தட்டவில்லை. வெலிங்டனிலிருந்து வந்த ஒரு பெரியம்மா எழும்பி நின்றே கேட்டுவிட்டாள். என்ன கேட்டாள் என்று றோஸ்மேரிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. யார் செத்தது.

அபெபா மேளக்காரருக்குக் கையைக் காட்டினாள். மேளம் நின்றது. ஜனுஷாவிடம் போய், அந்தப் போர்வையைப் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மருமகளின் தோளைப் பிடித்து, சபை முழுவதும் பின்னந்தலையையும் கழுத்தையும் பார்க்கும்படி ஒரு முழுச் சுற்றுத் திருப்பினாள். அவள் கதைத்ததை யோனாஸ் இங்கிலீஷில் சொன்னான்.

"ஒருவரும் சாகவில்லை. இவள் தன் தகப்பனின் உயிருக்காக முடியை மரியமுக்குக் கொடுத்தவள். அவர் அதோ இருக்கிறார். சாப்பிடுகிறார்."

முந்நூறு தலையும் திரும்பின. தோமஸ் வாய் நிறைய இன்ஜெரா அப்பத்தோடு இருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏதோ செய்ய வேண்டும் என்று எழும்பி நின்று, குழம்புக் கையைத் தூக்கிக் காட்டினார்.

முதலில் சிரித்தது அந்த வெலிங்டன் பெரியம்மா. சிரித்து முடித்து, நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டாள். முன் வரிசை முழுவதும் சேர்ந்தது. ஹோலின் தகரக் கூரை அதிர்ந்தது. தமிழ்ப் பக்கம் கைதட்டத்தான் தெரிந்தது. கல்யாணி அதைப் பொறுக்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். சிவகங்கைக் குலவை ஒன்று கிளம்பியது. எதிர்ப்பக்கம் ஒரு கணம் அமைதியாகி, பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் சிரித்தார்.

முதிய பெண்கள் வரிசையாக வந்து ஜனுஷாவின் பின்னல்களில் முத்தமிட்டார்கள். நாற்பத்தொன்றையும் எண்ணிப் பார்த்த ஒருத்தி அபெபாவின் விரல்களுக்கும் முத்தமிட்டாள். அதற்குப் பிறகு அபெபா ஒரு சிறிய மண் சட்டியோடு றோஸ்மேரியை நோக்கி வந்தாள். உள்ளே புதிதாகக் கடைந்த வெண்ணெய், ஏதோ வாசனைச் செடி அரைத்துப் போட்டது. அவளுடைய ஊரில் மதிப்புக்குரியவளுக்குச் செய்கிற முறை அது. யோனாஸ் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு கை நிறைய அள்ளி றோஸ்மேரியின் உச்சியில் வைத்து அழுத்தினாள்.

றோஸ்மேரி காஞ்சிபுரப் பட்டில் இருந்தாள். முதல் நாள் சலூனில் போய் முடியைச் சுருட்டிவிட்டிருந்தாள். கல்யாணி கடதாசித் துண்டோடு ஓடிவந்தாள்.

"விடு கல்யாணி," என்றாள் றோஸ்மேரி.

மேளம் மறுபடி தொடங்கியது. அபெபா அவளுடைய கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். தோளை எப்படிக் குலுக்குவதென்று தெரியாமல் முதல் சுற்றில் சும்மா நடந்தாள். இரண்டாம் சுற்றில் தோள் தானாக வந்தது. ஆடுகிற சூட்டில் வெண்ணெய் உருகி நெற்றியில் இறங்கியது. புருவத்தைத் தாண்டியது. கன்னத்தில் வழிந்து பட்டின் கரையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. தகப்பனும் மகளும் ஓர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முகம் முழுக்க மினுங்கிக்கொண்டு, றோஸ்மேரி மூன்றாம் சுற்றுக்குப் போனாள்.